டிராலி பாலத்துத் தண்ணீர்

உங்கள் இரண்டு பேருக்கும் அந்த டிராலி பாலத்துப் பூங்கா ஞாபகம் இருக்கும். மரக்காணம் உப்பளத்துக்கு உள்ளே, கால்வாய் மேல் நிற்கிற இரும்புப் பாலம். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பை டிராலியில் ஏற்றித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வந்து, இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் கரை சேர்ப்பார்களாம். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பாலம் மட்டும் நின்றது. சுனாமி வந்த அடுத்த வருஷம் அதைச் சுற்றிப் புல் வளர்த்து, சிமெண்ட் பெஞ்சு போட்டு, துருப்பிடித்த டிராலி ஒன்றை மேடை கட்டி நிறுத்தி, அரசாங்கப் பூங்கா ஆக்கினார்கள்.

2006 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களை அங்கே கூட்டிப்போனேன். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. அன்று ஒரு அம்மா உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "யாருப்பா இவங்க?" என்று சின்னவள் கேட்டாள். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் ஒரு தடவை அவர் பேரை ஒரு இடத்தில் எடுத்துவிட்டேன். அது போதும். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அப்படியே எழுதுகிறேன்.

அக்காவுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. சுண்டு விரலின் நுனியால் தொடுவார். அதை நாக்கு நுனியில் வைத்து, ஒரு கண்ணை மட்டும் சுருக்குவார். பிறகு ஒரே ஒரு சொல் வரும். "ஆவும்." இல்லையென்றால், "ஆவாது." அதற்கு மேல் பேரம் கிடையாது.

உப்பளத்தில் தண்ணீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்க, முதலாளி ஒரு கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிடுவார். அவர் குழாயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படிப்பதற்குள், அக்கா பாத்தியில் விரலை விட்டு எடுத்து, "இன்னும் ரெண்டு நாளு காயணும் மொதலாளி" என்பாராம். குழாயும் அதையே சொல்லுமாம்.

"இந்தக் கொழா ஒடஞ்சா ஒன் நாக்கத்தான் வெட்டி மெதக்க வுடணும்" என்று முதலாளி ஒரு நாள் சொல்லியிருக்கிறார்.

"அது மெதக்காது மொதலாளி. கனம் ஜாஸ்தி. முழுவிடும்" என்றாராம் அக்கா.

டீக்கடையிலும் அப்படித்தான். முதலில் ஒரு விரல் டீ. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "ஏம்பா, பாலுக்குத் தண்ணி ஊத்தினியா, தண்ணிக்குப் பாலக் காட்டினியா?" கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல டீ போட்ட அன்றைக்கு அவரே அக்காவைக் கூப்பிட்டு, "இத்தப் பாத்துட்டுச் சொல்லுக்கா" என்று கிளாஸை நீட்டுவார். ஊரில் அந்த நாக்குக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மதிப்போடு கொஞ்சம் பயமும் இருந்தது. சுனாமித் தண்ணீர் உள்ளே வந்துபோன பிறகு, எந்தக் கிணறு நல்ல கிணறு, எது கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு வீடாக அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அக்காவின் சொந்தத் தம்பி, கிணறு கெட்டுப்போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து நிவாரணத்துக்கு மனு போட்டிருந்தார். பார்க்க வந்த ஆட்கள் முன்னால் அக்காவைக் கூப்பிட்டு, "நீயே சொல்லுக்கா" என்றார். அக்கா விரலை வைத்துப் பார்த்தார். "நல்ல தண்ணி" என்றார். தம்பி அதற்குப் பிறகு வெகுநாள் அவரோடு பேசவில்லை.

"தம்பிதானேக்கா? ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நான் சொல்லலப்பா. நாக்கு சொல்லுது. அத்த நான் இன்னா பண்றது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தம்பி வீடு இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் அவரோடு பழகியது பாலத்தில்தான். பூங்கா வேலை நடந்தபோது பெயிண்ட் அடிக்கிற ஒப்பந்தம் ஒரு காண்ட்ராக்டருக்கு வந்தது. அவரிடம் நான் மேஸ்திரி. என் கீழ் ஆறு பேர். அதே சமயம், செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் பெருக்கவும் உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று அக்காவை எடுத்தார்கள். பாலத்துக் கம்பியில் காக்கா எச்சம் இருந்தால் ஈரத்துணியால் துடைப்பதும் அவர் வேலை.

பூங்காவில் போட்ட குழாயில் வருவது உப்பளத்துப் பக்கத்து போர்க் கிணற்று உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் செடி கருகிவிடும். அதனால் அக்கா ரோட்டைத் தாண்டி, அம்மன் கோயில் கைப்பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவார். ஒவ்வொரு குடத்தையும் இறக்கியவுடன் சுண்டு விரல். அதே பம்பு, அதே தண்ணீர்தான். இருந்தாலும் ஒவ்வொரு குடத்துக்கும் விரல்.

"காலைலதான பாத்த? அதுக்குள்ள மாறிப்பூடுமா?" என்று என் ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஒன் பொண்டாட்டி காலைல சிரிச்சா, மத்தியானமும் சிரிப்பான்னு எய்திக் குடுத்திருக்காளா?" என்பார்.

ஒரு நாள் பெயிண்டில் கலக்கிற தின்னர் டப்பாவின் மூடியைத் திறந்து, "இது இன்னாப்பா, வாசன தூக்குது?" என்று விரலைக் கொண்டுபோனார். நாங்கள் ஆறேழு பேரும் பதறிப்போய், "யக்கா, யக்கா, அது வேணாம்!" என்று கத்தினோம். அவ்வளவு சத்தத்திலும் அவர் விரலை முகர்ந்து பார்த்த பிறகுதான் கையைக் கீழே இறக்கினார். "இத்த மட்டும் ஒங்கள நம்பறேன்" என்றார்.

அந்தப் பூங்கா வேலை அவருக்கு எவ்வளவு பெரிது என்பதையும் நான் சொல்ல வேண்டும். உப்பளத்தில் நின்று வேலை செய்கிறவர்களின் கால்களை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். உப்புத்தண்ணீர் குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக அறுத்துவிடும். ஆற ஆரம்பிக்கும்போது மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும். மழைக்காலம் வந்தால் உப்பளம் மூடிவிடும், அப்போதுதான் புண் ஆறும். ஆனால் அப்போது கூலி கிடையாது. கால் ஆறினால் அடுப்பு எரியாது, அடுப்பு எரிந்தால் கால் ஆறாது. அக்காவுக்கு இருபது வருஷம் இப்படியே போயிருந்தது.

பூங்காவுக்கு வந்த மூன்றாவது மாதம், பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் மூடியிருந்தது. பழைய கோடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"பாருப்பா மேஸ்திரி. மகாராணி காலு" என்றார். "இத்தப் பாத்துட்டு என் வூட்டுக்காரரு, யாரு காலும்மே இதுன்னு கேக்கறாரு." சொல்லிவிட்டுத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். கூலியைவிட அந்தக் காலைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பூங்காவைத் திறக்கத் தேதி குறித்துவிட்டார்கள். பாலத்தைச் சுரண்டி முடித்திருந்தோம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்பை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைக்க வேண்டும். பெருமுக்கல் பக்கத்திலிருந்து தண்ணீர் டாங்கர் வரவேண்டியது. ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "தண்ணி எங்கருந்துனாலும் எடு. நாளைக்கி பெயிண்ட் ஏறணும்" என்று காண்ட்ராக்டர் போனில் சத்தம் போட்டார்.

பத்தடியில் குழாய் இருந்தது. திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். உப்பளப் பக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் என்றால் அந்தத் தண்ணீர்தான். அதில்தான் குளிப்போம், அதில்தான் பாத்திரம் கழுவுவோம், குடிக்க மட்டும்தான் வேறு. அதனால் கை தானாகவே அந்தக் குழாய்க்குப் போய்விட்டது. வெளியூர் ஆளாக இருந்திருந்தால் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பியிருப்பான். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. குழாயில் டியூபைச் சொருகி, பாலம் முழுக்கப் பீய்ச்சிக் கழுவினோம். வெயிலில் அரைமணியில் காய்ந்துவிட்டது. நல்ல வேலை என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அக்கா குடத்தோடு வந்தார். கம்பியைப் பார்த்தார், குழாயில் சொருகிய டியூபைப் பார்த்தார். குடத்தை இறக்கி, கம்பியைச் சுண்டு விரலால் தடவி நாக்கில் வைத்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"மேஸ்திரி, இத்த நீ கழுவல. ஊறுகா போட்டிருக்க" என்றார்.

என் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளிருந்தே இரும்பு அரிக்கும். தெரியாதவன் இல்லை நான்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "யக்கா, சத்தம் போடாத. நேரம் இல்ல. மேல பெயிண்ட் ஏறிட்டா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"பெயிண்டுக்கு மேலதான தெரியாது? உள்ள?"

"யாருகிட்டயும் சொல்லிடாதக்கா."

அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நானாப் போயி சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா நாக்கு சொல்லிடும். அதுக்குள்ள நீயே சொல்லிடு" என்றார்.

மறுநாள் பெயிண்ட் அடித்தோம். திறப்பு விழாவில் பாலம் பளபளவென்று நின்றது. காண்ட்ராக்டர் என் தோளைத் தட்டினார். அக்கா தூரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் தட்டினால் தோல் மாதிரி உரிந்தது. அடியில் துரு. பூங்காவைப் பார்க்க வந்த ஒரு பெண்ணின் கையைக் கம்பி கிழித்துவிட்டது. விசாரிக்க ஒரு என்ஜினீயர் வந்தார்.

அதற்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, "டாங்கர் தண்ணிலதான் கழுவினோம்னு சொல்லு. இல்லன்னா நீ வேற வேல பாத்துக்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்த யோசனை. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு என்ஜினீயர் என்னைக் கேட்டார். "எந்தத் தண்ணிய்யா?"

"டாங்கர் தண்ணி சார்" என்றேன். அவர் நம்பாமல் என்னையே பார்த்தார். அக்கா கையில் ஈரத்துணியோடு பாலத்து ஓரத்தில் நின்றிருந்தார். அவர் பேரைச் சொல்லி, "அவங்கதான் சார் தெனமும் கம்பியத் தொடைக்கறாங்க. எந்தத் தண்ணில தொடைக்கறாங்களோ, எனக்குத் தெரியல" என்றேன்.

ஒவ்வொரு குடத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சுமந்து வந்தவரைப் பற்றி நான் அப்படிச் சொன்னேன்.

என்ஜினீயர் அவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கொழா தண்ணியில தொடச்சியா?"

"இல்ல சார். கோயில் பம்புத் தண்ணி. நாக்குல வெச்சுப் பாக்காம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

"நாக்குலயா? சரிதான். லேபே இங்க இருக்குது, நாமதான் ஊர் ஊரா அலையறோம்" என்று அவர் கூட வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "பெயிண்ட் அடிக்கறதுக்கு மொத நாளு கழுவினாங்களே, அது எந்தத் தண்ணின்னு மேஸ்திரியக் கேளுங்க சார்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. வாசலைத் திறந்துவிட்டு, வா என்று ஒதுங்கி நிற்பது மாதிரி ஒரு பார்வை.

"டாங்கர் தண்ணிதான் சார்" என்றேன் மறுபடியும்.

அக்கா குனிந்தார். உரிந்து கிடந்த பெயிண்ட் தோலைத் திருப்பி, அதன் உள்பக்கத்தைச் சுண்டு விரலால் தடவி நாக்கில் வைத்தார். "இப்பவும் கரிக்குது சார். உள்பக்கம். நீங்களே பாருங்க" என்று அந்தத் துண்டை நீட்டினார்.

"கடலோரத்துல இரும்பு கரிக்காம இனிக்குமா? கடல் காத்தும்மா அது. போ, போ" என்றார் என்ஜினீயர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில்தான் கை நிற்கிறது. பொய் சொன்னதற்குப் பயம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். சிரித்ததற்கு என்ன காரணம் சொல்வேன்?

குழாய்த் தண்ணீரில் கம்பியைத் துடைத்தார் என்று சொல்லி, அடுத்த வாரம் அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவர் போகும்போது எனக்கு எதிரில்தான் வந்தார். துணியையும் துடைப்பத்தையும் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். "செடிக்கி கொழா தண்ணி ஊத்த வுடாத மேஸ்திரி. பூவரசு இப்பதான் தழையுது" என்று மட்டும் சொன்னார்.

நான் அதையும் பார்த்துக்கொள்ளவில்லை. என் வேலை வேறு ஊருக்கு மாறியது, போய்விட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள்தான் டிராலி பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். போக எனக்கு மனசே இல்லை. அங்கே போனால், கருகிப்போன பூவரசுதான் முதலில் கண்ணில் பட்டது. நீங்கள் டிராலி மேல் ஏறி விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவந்தீர்கள். நான் தடுப்பதற்குள் சின்னவள் பூங்காக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, துப்பி, அழ ஆரம்பித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் பலகையைக் கீழே போட்டுவிட்டு, வரப்பு மேல் நடந்து வந்தார். கையில் பிளாஸ்டிக் கேன். முக்காடு போட்டிருந்ததால் கிட்டே வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். கேனைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, சுண்டு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"நல்ல தண்ணி. குடி கண்ணு" என்றார்.

நீங்கள் இருவரும் குடித்தீர்கள். பெரியவள் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். குதிகாலில் வெடிப்புகள் திறந்து சிவந்திருந்தன. ஓரங்களில் உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அப்போதுதான் சின்னவள் கேட்டாள். "யாருப்பா இவங்க?"

அவர் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். "தெரியலம்மா. உப்பளத்துல வேல செய்யறவங்க" என்றேன்.

அக்கா கேன் மூடியைத் திருகி மூடினார். "ஆமா கண்ணு, உப்பளத்து ஆளுதான் நான்" என்றார். "பாலத்து மேல போனா கம்பியப் புடிக்காதீங்க. கைய கிழிச்சிடும்." திரும்பி வரப்பு மேல் நடந்தார். குதிகாலைத் தரையில் ஊன்றாமல், முன்பாதத்தால் நடந்து போனார்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை, பாலத்துக்கு ஓடினீர்கள். நடுப்பாலத்தில் சின்னவள் நின்றாள். கம்பியைச் சுண்டு விரலால் தடவி, நாக்கில் வைத்து, அவரை மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்க முயன்று, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"கரிக்குதுப்பா" என்றாய் நீ. "ஏம்ப்பா கரிக்குது?"

"கடல் காத்தும்மா" என்றேன்.

அது கடல் காற்று இல்லை, மகளே. நான் ஊற்றின தண்ணீர்.